பழைய பல் மருத்துவமனையைக் காலி செய்யும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் டாக்டராக ஐம்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்த பெரியவர் ஓய்வு பெறுகிறார், அல்லது காலமாகிவிடுகிறார். பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கிறார்கள். கடைத்தெருவில் இருக்கும் அந்த இடத்தை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்தாயிற்று. பழைய இரும்பு எடுப்பவர் வார்ப்பிரும்பு நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று விலையும் சொல்லிவிட்டார். நம் ஊர்களில் பல் மருத்துவ வரலாறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அழிகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அழிப்பதில்லை. என்ன செய்வது என்று தெரியாததால் அழிகிறது.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட வீட்டாருக்காக. 'நம் கல்லூரியில் ஒரு சிறிய வரலாற்று அறை அமையுங்கள்' என்று பொறுப்பை ஏற்றுக்கொண்ட பல் மருத்துவ மாணவர்களுக்கும் இது பயன்படும். அருங்காட்சியகத் துறைப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: எழுதுவது முதலில், துடைப்பது கடைசியில். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். பளபளவென்று துலக்கிய குறடு ஒன்று கையில் இருக்கும். அது யாருடையது, எந்த ஊரில், எதற்குப் பயன்பட்டது என்று சொல்ல ஒரு வரி இருக்காது. அந்த வரி இல்லாத குறட்டை எந்த அருங்காட்சியகமும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளாது.

எதற்காக இத்தனை மெனக்கெடல்?

பல்லுக்கு வைத்தியம் பார்ப்பது மனிதர் செய்த மிகப் பழைய மருத்துவ வேலைகளில் ஒன்று. பலுசிஸ்தானத்தில் உள்ள மெஹர்கரில் சுமார் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய இடுகாட்டில் ஒன்பது பேருடைய 11 கடைவாய்ப்பற்களில் துளை போடப்பட்டிருந்தது 2006-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. தீக்கல் முனையை வில்லால் சுழற்றிப் போட்ட துளைகள் அவை. சில துளைகளின் விளிம்பு தேய்ந்திருந்தது. துளை போட்ட பிறகும் அந்த மனிதர்கள் அதே பல்லால் மென்று வாழ்ந்திருக்கிறார்கள்.

பல்லைப் பூச்சி அரிக்கிறது என்ற நம்பிக்கைக்கும் அவ்வளவு நீண்ட ஆயுள். பாபிலோனியக் களிமண் பலகைகளில் பல் புழுவுக்கு மந்திரம் இருக்கிறது. ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில், கடைவாய்ப்பல்லைத் திறந்தால் உள்ளே புழு மனிதர்களை வதைப்பது தெரியும்படி தந்தத்தில் செதுக்கிய சிற்பம் ஒன்று உண்டு. நம் ஊர்ச் சந்தைகளில் கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்து, 'இதோ பூச்சி விழுந்தது' என்று காட்டியவர்களைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் நுண்நோக்கியில் தேடிப் பார்த்தும் புழு எதுவும் தென்படவில்லை என்று எழுதினார். 1728-இல் வெளிவந்த அவருடைய பல் அறுவை நூலிலிருந்துதான் இந்தத் தொழில் படிப்பாக உருவெடுக்கிறது. முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கியது. ரஃபியுதீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் தொடங்கிய கல்லூரி இந்தியாவில் முதலாவது. பல் மருத்துவர் சட்டம் 1948-இல் வந்தது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் தொடங்கியது.

இந்த ஆண்டுகளைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் படித்து வெளியே வந்து சிற்றூர்களில் பலகை மாட்டிய அந்தத் தலைமுறையின் மருத்துவமனைகள்தான் இப்போது மூடப்படுகின்றன. ஃபோஷாருக்கு நூல் இருக்கிறது, பால்டிமோருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. மாயவரத்திலோ காரைக்குடியிலோ மிதி எந்திரத்தால் சொத்தை எடுத்தவருக்கு இருப்பதெல்லாம் அவருடைய இழுப்பறைதான்.

பெரிய அருங்காட்சியகங்களும் தனியொருவர் அக்கறையில்தான் முளைத்திருக்கின்றன. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்க அருங்காட்சியகத்துக்கு வித்திட்டவர் லிலியன் லிண்ட்சே. பெண் என்பதால் லண்டன் பல் மருத்துவமனை ஒன்றின் தலைவர் அவரை உள்ளே விடாமல் நடைபாதையில் நிற்க வைத்தே நேர்காணல் நடத்தித் திருப்பி அனுப்பினார். அவர் எடின்பரோவுக்குப் போய்ப் படித்து 1895-இல் தேர்ச்சி பெற்றார். பிரிட்டனில் பல் மருத்துவராகத் தகுதி பெற்ற முதல் பெண் அவர். 1919-இல் தம்மிடமிருந்த பழைய கருவிகள் சிலவற்றைச் சங்கத்துக்குக் கொடுத்தார். அந்தச் சிலவற்றிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய சேகரிப்பு.

முதல் படி: கை வைக்காமல் பாருங்கள், கேளுங்கள்

எதையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். தெருவிலிருந்து பெயர்ப் பலகை, காத்திருக்கும் பெஞ்சு, நாற்காலி நிற்கும் இடமும் அதற்கு வெளிச்சம் வரும் ஜன்னலும், சுவரில் தொங்கும் சான்றிதழ்கள் எல்லாம் வேண்டும். பிறகு ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து, உள்ளே இருப்பதைக் கலைக்காமல் நேர் மேலிருந்து ஒரு படம். எந்தக் கருவி எந்தக் கருவிக்குப் பக்கத்தில் இருந்தது என்பது அந்த மருத்துவர் வேலை செய்த வரிசையையே காட்டிவிடும். ஒருமுறை கொட்டிவிட்டால் அந்த வரிசை திரும்பாது.

அடுத்து, பேசுங்கள். மருத்துவர் இருந்தால் அவரிடம். இல்லாவிட்டால் அவருடைய மனைவி, கம்பவுண்டர், பல் செட் கட்டிக்கொடுத்த மெக்கானிக் ஆகியோரிடம். மெக்கானிக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மெழுகு, பிளாஸ்டர், வல்கனைட் (பழைய பல் செட்டுக்கான கெட்டி ரப்பர்) என்று கைவேலை முழுவதையும் அறிந்தவர் அவர்தான். 'அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள், ஐயா' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இந்த நாற்காலியை எங்கே வாங்கினீர்கள்? எப்படி ஊருக்குக் கொண்டுவந்தீர்கள்? கரண்ட் போனால் என்ன செய்தீர்கள்? ஒரு பல் பிடுங்க எவ்வளவு வாங்கினீர்கள்? நோயாளி பயந்தால் என்ன சொல்வீர்கள்? இப்படிப் பொருளைக் கையில் காட்டிக் கேளுங்கள். முடிந்தால் அந்தக் கருவியைப் பிடித்துக் காட்டச் சொல்லிக் கைகளை மட்டும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறட்டை உள்ளங்கையில் எப்படி அமர்த்துவது என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. எண்பது வயதிலும் கை அதை மறப்பதில்லை.

சான்றிதழைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1948 சட்டம் பல் மருத்துவர் பதிவேட்டை 'ஏ', 'பி' என்று இரு பகுதிகளாகப் பிரித்தது. பட்டம் பெற்றவர்கள் 'ஏ'. பட்டமில்லாமல், தொழிலைக் கைவழியாகக் கற்று, சட்டம் வருவதற்கு முன்பே செய்துவந்தவர்கள் 'பி'. சுவரில் 'பி' பகுதிச் சான்று இருந்தால் அங்கே கல்லூரிக்கு முந்தைய ஒரு மரபு இருந்திருக்கிறது என்று பொருள். கல்கத்தாவிலும் சென்னை பூங்கா நகர்ப் பக்கத்திலும் சீன வழிவந்த பல் மருத்துவக் குடும்பங்கள் அப்பாவிடமிருந்து மகனுக்கு என்றுதான் இந்தக் கலையைக் கடத்தினார்கள். இத்தகைய இடங்களில் காகிதம் குறைவாகவே இருக்கும். பேச்சைப் பதிவு செய்யாவிட்டால் எதுவும் மிஞ்சாது.

இரண்டாம் படி: ஆபத்தானவற்றைத் தனியே பிரியுங்கள்

இந்தப் பகுதியை வேகமாகப் படித்துத் தாண்ட வேண்டாம். பழைய பல் மருத்துவமனையில் ஆளைக் கொல்லக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அறைக்குள் விடாதீர்கள். தடிமனான கையுறை, முகக்கவசம், மூடிய செருப்பு அவசியம்.

முதலில் பாதரசம். பல் அடைக்கும் அமால்கத்தில் ஏறக்குறையப் பாதி எடை பாதரசம்தான். இழுப்பறையின் மூலையிலும், தரைப் பலகை இடுக்கிலும், நாற்காலியின் அடித்தட்டிலும் வெள்ளி மணிகளாக அது உருண்டு கிடக்கும். துடைப்பத்தால் கூட்டினால் இன்னும் பொடிப்பொடியாகச் சிதறும். வாக்குவம் கிளீனர் போட்டால் ஆவியாகி அறை முழுக்கப் பரவும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இரண்டு தடித்த அட்டைகளால் மெல்லத் தள்ளிச் சேர்த்து, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் இடுங்கள். கையிலுள்ள மோதிரத்தையும் வளையலையும் முன்பே கழற்றிவிடுங்கள், பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். சேர்த்ததைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றவே கூடாது. அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியில் கேட்டால் அபாயக் கழிவைப் பெறுபவர்களைக் காட்டுவார்கள்.

அடுத்து மருந்துப் புட்டிகள். பல்லின் நரம்பைச் சாகடிக்க வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்செனிக், கலந்த பசையை வைப்பது 1836 முதல் பரவிய முறை. பட்டாணி அளவுப் புட்டியானாலும் அது விஷம்தான். மூடியைச் சுற்றி மஞ்சள் படிகம் பூத்த பிக்ரிக் அமிலப் புட்டியோ, பாதி வற்றிய ஈதர் புட்டியோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், திருகாதீர்கள், குலுக்காதீர்கள். இரண்டும் வெடிக்கக்கூடியவை. அறையைப் பூட்டிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கொக்கெயின், மார்ஃபின் என்று லேபிள் இருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தெரிவித்துவிட வேண்டும். வீட்டில் வைத்திருப்பதோ கூரியரில் அனுப்புவதோ குற்றமாகிவிடும்.

பழைய எக்ஸ்-ரே ஃபிலிம் கட்டுகளை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அது அசிடேட் ஃபிலிம், சிதைந்துகொண்டிருக்கிறது, மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். அதற்கும் முந்தைய நைட்ரேட் ஃபிலிமாக இருந்தால் தீப்பற்றும் ஆபத்து. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் 1929-இல் எக்ஸ்-ரே ஃபிலிம் அறையில் பிடித்த தீயும் அதன் நச்சுப் புகையும் 123 உயிர்களைக் குடித்தன. எக்ஸ்-ரே எந்திரத்தை எக்காரணம் கொண்டும் பிளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். மின்சாரம் இல்லாதபோது அதிலிருந்து கதிர் வராது. ஆனால் உள்ளிருக்கும் எண்ணெயும் மின்தேக்கியும் தனி ஆபத்து. இந்தியாவில் அதை அப்புறப்படுத்துவதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நடைமுறை உண்டு.

வார்ப்பு வேலை நடந்த அறையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தாளும் கல்நார் அட்டையும் இருக்கும். கிழிக்காமல், ஈரத் துணியால் மூடிப் பையில் கட்டி வையுங்கள். பழைய ஊசிகளும் கத்திகளும் கைபடாமல் இடுக்கியால் எடுக்கப்பட வேண்டியவை.

மூன்றாம் படி: இது என்ன, எந்தக் காலத்தது?

இனி மகிழ்ச்சியான வேலை. கருவியில் பொறித்த பெயரையும் எண்ணையும் முதலில் தேடுங்கள். பிலடெல்பியாவின் எஸ்.எஸ். ஒயிட், லண்டனின் கிளாடியஸ் ஆஷ் ஆகிய பெயர்கள் நம் ஊர்ப் பழைய கருவிகளிலும் தென்படலாம். பெயர் தேய்ந்துபோயிருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் பள்ளம் நிழலாகத் தெரியும்.

பிறகு கைப்பிடியைப் பாருங்கள். காலத்தை அறிய இதைவிட எளிய வழி இல்லை. தந்தம், கருங்காலி, முத்துச்சிப்பி என்று அழகு பார்த்த கைப்பிடிகள் கிருமிகளைப் பற்றித் தெரியாத காலத்தவை. கருவியைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புரிந்தபோது மரமும் தந்தமும் அதைத் தாங்கவில்லை. கைப்பிடியும் முனையும் ஒரே உலோகமாயின. முதலில் நிக்கல் பூசிய எஃகு வந்தது. அது உரிந்து உரிந்து உள்ளே துரு தெரியும். 1920-களுக்குப் பிறகு துருப்பிடிக்காத எஃகு மெல்ல மெல்ல இடம்பிடித்தது.

பல் பிடுங்கும் குறடுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் பரவிய பல் சாவி என்ற கருவி, கொக்கியைப் பல்லில் மாட்டிப் பூட்டைத் திறப்பதுபோல் திருகுவது. பல்லோடு தாடை எலும்பும் உடைந்து வருவது சகஜம். 1840-களில் ஜான் டோம்ஸ் ஒவ்வொரு பல்லின் கழுத்துக்கும் பொருந்தும்படி குறடுகளை வடிவமைத்தார். மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள், இரண்டு கன்னத்துப் பக்கம், ஒன்று அண்ணத்துப் பக்கம். ஆகவே அந்தக் குறட்டின் ஓர் அலகு வழவழப்பாக இருக்கும். மற்ற அலகின் நடுவில் ஒரு சிறு கூர்முனை துருத்திக்கொண்டிருக்கும். கன்னத்துப் பக்கத்து இரண்டு வேர்களுக்கு இடையே சென்று அமரும் முனை அது. இதனால்தான் மேல் வலப்புறத்துக்கு ஒரு குறடும் மேல் இடப்புறத்துக்கு இன்னொன்றும் தேவைப்பட்டன. ஒன்றின் முனை இருக்கும் பக்கம் மற்றதற்கு எதிராக இருக்கும். 'ஒரே மாதிரி இரண்டு இருக்கிறதே, ஒன்றைக் கொடுத்துவிடலாம்' என்று ஜோடியைப் பிரித்துவிடாதீர்கள். அவை ஒரே மாதிரியானவை அல்ல.

மிதி எந்திரம் கிடைத்தால் அது உங்கள் சேகரிப்பின் மணிமுடி. ஜேம்ஸ் மாரிசன் 1871-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு. தையல் எந்திரம்போல் காலால் மிதித்தால் சக்கரம் சுழன்று, கயிறோ சுருள்கம்பியோ வழியாக நுனியில் உள்ள பர் என்ற துளைமுனை சுழலும். மின் துளைக்கருவிக்கு ஜார்ஜ் கிரீன் 1875-லேயே காப்புரிமை பெற்றுவிட்டாலும், கரண்ட் எட்டாத ஊர்களில் மிதி எந்திரம்தான் நெடுங்காலம் கைகொடுத்தது. மிதிபலகையின் தேய்மானத்தைக் கூர்ந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தால், மருத்துவர் எந்தக் காலால் மிதித்து எந்தக் காலில் நின்றார் என்பது தெரிந்துவிடும். நாள் முழுக்க ஒற்றைக் காலில் நின்று, கை நடுங்காமல், வாய்க்குள் ஒரு மில்லிமீட்டர் இடத்தில் வேலை செய்திருக்கிறார். 1957-இல் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுச் சுழலும் காற்று டர்பைன் துளைக்கருவி சந்தைக்கு வந்து இந்த உலகத்தையே மாற்றிப் போட்டது.

பல் செட்டுகளில், அடிப்பகுதி அடர்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது பெரும்பாலும் வல்கனைட். ரப்பரைக் கந்தகத்தோடு சுமார் 160 டிகிரி செல்சியஸ் நீராவியில் வேகவைத்துக் கெட்டியாக்கியது. மூலையில் தடித்த செம்புக் கொதிகலன் ஒன்று தெர்மாமீட்டரோடு நின்றால் அதுதான் வேகவைத்த பாத்திரம். பழைய இரும்புக் கடைக்கு முதலில் போவதும் அதுவே. தந்தத்திலும் தங்கத்திலும் செட் கட்டிய காலத்தில் அது பணக்காரர்களுக்கு மட்டும்தான். வல்கனைட் அதை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதற்குக் காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் அமெரிக்கப் பல் மருத்துவர்களை வழக்குப் போட்டு வாட்டியது. கட்டணம் வசூலிக்க ஊர் ஊராகத் துரத்திய அதன் பொருளாளர் ஜோசையா பேக்கனை 1879-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் மருத்துவர் சுட்டே கொன்றுவிட்டார். 1881-இல் காப்புரிமை காலாவதியானது. ஈறு நிறத்தில் இளஞ்சிவப்பாக மின்னும் அக்ரிலிக் செட்டுகள் 1930-களின் இறுதியில் தொடங்கி 40-களில் பரவின. இந்த நிற வேறுபாடு ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

நான்காம் படி: எண், பதிவேடு

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். 2025.1.14 என்றால் 2025-இல் வந்த முதல் தொகுப்பின் 14-ஆவது பொருள். இது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பின்பற்றும் எளிய முறை. எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டாதீர்கள். பசை உலோகத்தைக் கறைப்படுத்தும், கோடையில் உதிர்ந்தும் போகும். சிறு அட்டையில் பென்சிலால் எழுதி வெள்ளைப் பருத்தி நூலால் கட்டுங்கள்.

பதிவேட்டில் எண், பெயர், நீள அகலம், எதனால் ஆனது, என்ன பொறிப்பு, என்ன பழுது, எங்கே எடுக்கப்பட்டது, யார் கொடுத்தது, அவர் சொன்னது என்ன என்று பத்திகள் போதும். மெக்கானிக் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'பெரிய குறடு' என்று அவர் சொல்லியிருந்தால் அதுவும் இருக்கட்டும், பாடநூல் பெயரைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஊகத்தை ஊகம் என்றே குறியுங்கள். கையெழுத்துப் பிரதி ஒன்று, கணினியில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று என மூன்று இடத்தில் வையுங்கள்.

ஒரு வரியின் பலம் என்ன என்பதற்கு ஜார்ஜ் வாஷிங்டனின் பற்களைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1789-இல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது அவருக்குச் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மரப் பல் கட்டியிருந்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். அவர் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் பண்ணை வீட்டில் இருக்கும் அவருடைய முழு செட்டை ஆராய்ந்தால் ஈயம், தந்தம், விலங்குப் பற்கள், மனிதப் பற்கள்தான் இருக்கின்றன, மரம் இல்லை. அந்த மனிதப் பற்கள் யாருடையவை? பண்ணைக் கணக்குப் புத்தகத்தில் 1784 மே 8-ஆம் தேதியிட்ட ஒரு வரி, ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின அடிமைகளுக்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாகச் சொல்கிறது. அந்த ஒன்பதும் அவர் வாயிலேயே பொருத்தப்பட்டனவா என்பது உறுதியாகவில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியைப் படித்தவர் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பழையபடி நிற்க முடியாது. 1815 வாட்டர்லூ போரில் மாண்ட இளைஞர்களின் பற்களைப் பிடுங்கி விற்று, 'வாட்டர்லூ பற்கள்' என்றே பெயர் பெற்ற செட்டுகளுக்கும் இது பொருந்தும். பல் என்பது யாரோ ஒருவருடைய உடல். உங்கள் மருத்துவமனையின் கணக்கு நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: துடைப்பது

குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கக் கூடாது. பிராஸோ கூடாது. உப்புத்தாள், கம்பி பிரஷ் கூடவே கூடாது. நிக்கல் பூச்சு மிக மெல்லியது. ஒருமுறை தேய்த்தால் போய்விடும், பொறித்த பெயரும் அதோடு போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, தேவைப்பட்டால் ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பஞ்சால் உலோகத்தை மட்டும் ஒற்றி எடுத்து, உடனே உலர்த்தி விடுங்கள். மரம், தந்தம், வல்கனைட், செல்லுலாய்ட் ஆகியவற்றில் ஸ்பிரிட் படக் கூடாது. கிருமி போகட்டும் என்று தந்தக் கைப்பிடிக் கருவியை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் பாத்திரம்) வைத்தால் கைப்பிடி வெடித்துவிடும். உதிராத பழைய துருவை அப்படியே விட்டுவிடலாம். உதிரும் துருவுக்கு, பழம்பொருள்களைப் பாதுகாக்கும் வேலை தெரிந்தவர் ஒருவரைக் கேளுங்கள்.

தேய்மானம், கீறல், கைப்பிடியில் மருத்துவர் சுற்றிய நூல், உடைந்ததை ஊர்க் கொல்லர் ஒட்டித் தந்த பற்று ஆகியவை அழுக்கு அல்ல. அவற்றை அகற்றாதீர்கள்.

ஆறாம் படி: வைப்பது

கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது அன்றாட நடப்பு. உலோகத்துக்கு 40-க்குக் கீழே இருந்தால் நல்லது. ஏர் கண்டிஷனர் தேவையில்லை. இறுக மூடும் பாலிதீன் டப்பாவில், பெயர் தெரியாத பசையோ வாசனையோ இல்லாத பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்தால் போதும். நிறம் மாறும் ஜெல்லாக வாங்கினால் காயவைக்க வேண்டிய நேரம் தெரியும். சுற்றுவதற்குக் கஞ்சி போடாமல் துவைத்துக் காய்ந்த காடாத் துணி மிக நல்லது. செய்தித்தாள் கூடாது, அதன் அமிலம் உலோகத்தைக் கருக்கும். அந்துருண்டை கூடாது, அதன் ஆவி பழைய பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

வல்கனைட்டை எப்போதும் தனிப் பெட்டியில், இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் அது வெளிறிப் பச்சையாகும், கந்தகத்தை வெளிவிட்டுப் பக்கத்திலுள்ள வெள்ளியைக் கருக்கும். தந்தத்துக்கு மிகை ஈரமும் ஆகாது, மிகை வறட்சியும் ஆகாது. அதை சிலிக்கா ஜெல்லோடு அடைக்காதீர்கள், வெடித்துவிடும்.

ஏழாம் படி: யாரிடம் ஒப்படைப்பது?

முதலில் அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியைக் கேளுங்கள். அந்தக் கருவி புழங்கிய வட்டாரத்திலேயே அது இருப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. பிறகு மாவட்ட அரசு அருங்காட்சியகம், பல் மருத்துவர் சங்கம். கொடுக்கும் முன் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேட்டுவிடுங்கள். பதிவேட்டில் ஏற்றுவீர்களா? எங்கே வைப்பீர்கள்? பார்ப்பவர்களுக்கு அனுமதி உண்டா? வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பொறுப்பாளர் மாறியதும் பொருள்கள் படிக்கட்டுக்கு அடியில் போய்விடுவதைப் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேன். இரு தரப்பும் கையெழுத்திட்ட கொடைப் பத்திரம் ஒன்று இருந்தால்தான் பின்னால் வருகிறவர் கேட்க முடியும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டு பழமையான, அறிவியலையோ கைவினையையோ காட்டும் பொருள் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் தொல்பொருளாகக் கொள்ளப்படலாம். அறிவியல், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணத்துக்கு 75 ஆண்டு. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தந்தம் இருந்தால் விற்கவோ கைமாற்றவோ நினைப்பதற்கு முன் வனத்துறையைக் கேளுங்கள். வெளிநாடுகளில் இருக்கும் வாசகர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். நோயாளிப் பதிவேடுகளிலும், பெயர் எழுதிய பிளாஸ்டர் அச்சுகளிலும் உள்ள பெயர்கள் பொதுப் பார்வைக்குப் போகக் கூடாது. பாதுகாக்கலாம், காட்சிக்கு வைக்கும்போது பெயரை மறைத்துவிட வேண்டும். ஜாடியில் போட்டு வைத்த பிடுங்கிய பற்களை வீட்டுக் குப்பையில் எறியக் கூடாது. கல்லூரியிடம் கேட்டு முறைப்படி ஒப்படையுங்கள்.

கல்லூரியில் நீங்களே ஓர் அலமாரி அமைப்பதானால், இருப்பதையெல்லாம் அடுக்கிவிடாதீர்கள். ஒரு மிதி எந்திரம், மேல் கடைவாய்க் குறடு ஒரு ஜோடி, ஒரு வல்கனைட் செட், ஒரு கணக்கு நோட்டின் பக்கம், இவை நான்கும் போதும் ஒரு சுவருக்கு. ஒவ்வொன்றின் கீழும் ஐந்து வரி எழுதுங்கள்: இது என்ன, எப்படி வேலை செய்தது, யார் கையில் இருந்தது. பால்டிமோரில் 1996-இல் திறந்த தேசியப் பல் மருத்துவ அருங்காட்சியகம், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கும்படி அமைந்தது. உங்கள் அலமாரியும் மாணவர்களின் கண் உயரத்துக்கு வராமல், முன்பல் விழுந்த ஏழு வயதுச் சிறுமி எட்டிப் பார்க்கும் உயரத்தில் இருக்கட்டும்.

யாருமே வாங்கிக்கொள்ள முன்வராவிட்டால் மனம் தளர்ந்து இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரிய சாமான்களை விட்டுவிட்டாலும் கருவிகள், நோட்டுகள், படங்கள், குரல் பதிவு ஆகியவற்றை ஒரே இரும்புப் பெட்டியில் சேர்த்து வைக்க முடியும். நாற்காலியைப் போக்கத்தான் வேண்டும் என்றால் எல்லாப் பக்கமும் அளந்து, தயாரிப்பாளர் தகட்டைப் படமெடுத்து, பிறகு போக்குங்கள். பதிவேட்டின் ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு, உங்கள் தொலைபேசி எண்ணோடு அனுப்பி வையுங்கள். 'இந்த ஊரில், இந்த வீட்டில், இன்னின்ன பொருள் இருக்கிறது' என்று தெரிந்தால், ஆய்வு செய்கிற ஒரு மாணவர் பத்து ஆண்டு கழித்தாவது கதவைத் தட்டுவார். பெட்டியின் மூடிக்கு உள்பக்கமும் அதே பதிவேட்டின் இன்னொரு பிரதியை ஒட்டி வையுங்கள்.